எறிந்தவரின் தீட்டு

இன்சுலின் போட்டுக்கொண்ட ஊசியைக் குப்பைப் பையில் போட்டு, முடிச்சிட்டு வாசலில் வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு பூஜை அறைக்குள் போகிறவர் தாம் எந்தத் தவறும் செய்ததாக நினைப்பதில்லை. வீடு சுத்தமாகிவிட்டது, கையும் சுத்தமாகிவிட்டது. மறுநாள் காலை அந்தப் பையைத் தூக்கும் தூய்மைப் பணியாளரின் விரலில் அதே ஊசி ஏறினால், நம் மரபின் கணக்குப்படி தீட்டு யாருடையது? சுத்தம், மடி, ஆசாரம் என்று இவ்வளவு பேசியிருக்கும் ஒரு சமூகத்திடம் இதற்குப் பதில் இருந்தாக வேண்டும். வழக்கத்தில் இருக்கும் பதில் நமக்குத் தெரியும்: குப்பையைத் தொட்டவர்தான் தீட்டுப்பட்டவர், கொட்டியவர் அல்லர். இந்தப் பதில் தவறு என்பது என் வாதம். அழுக்கின் பொறுப்பு அதை உண்டாக்கி எறிந்தவரைச் சேர்ந்தது. எறிந்தது இன்னொருவர் உடம்பில் நோயாக இறங்காது என்று உறுதி செய்யும்வரை எறிந்தவருடைய சுத்தம் முடிவதே இல்லை. மருத்துவம் இப்படித்தான் சொல்கிறது. நம் சமயங்களிலும் இதே நெறி ஒரு மூலையில் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது.

ஊசியின் துளைக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் தங்கும். அதில் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருந்தால், உடம்புக்கு வெளியே, காய்ந்த இரத்தத்தில்கூட, குறைந்தது 7 நாள் அது தொற்றும் திறனோடு இருக்கும். வீட்டுக் குப்பை வாசலிலிருந்து வண்டிக்கும், வண்டியிலிருந்து தரம் பிரிக்கும் கூடத்துக்கும், அங்கிருந்து கிடங்குக்கும் போய்ச் சேர ஓரிரு நாள் போதும். ஆகவே பையைத் தூக்குபவர், வண்டியில் வைத்துப் பிரிப்பவர், கூடத்தில் கொட்டிக் கிளறுபவர், கிடங்கில் பிளாஸ்டிக் பொறுக்குபவர் என்று வரிசையாக எல்லோர் கையையும் எட்ட அந்த வைரஸுக்கு அவகாசம் இருக்கிறது. தடுப்பூசி போடாத ஒருவரை இந்தத் தொற்று உள்ளவரின் ஊசி குத்தினால், அந்த இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து, நோய் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 6 முதல் 30 வரை. ஹெபடைடிஸ் சி வைரஸுக்கு அது நூற்றுக்கு 2-க்கும் குறைவு. எய்ட்ஸ் வைரஸுக்கு ஆயிரத்துக்கு 3. மருத்துவமனைகளில் கண்ட அளவு இது. மெல்லிய இன்சுலின் ஊசியில், நாள் கடந்த இரத்தத்தில் இன்னும் குறைவாக இருக்கலாம். ஆனால் குப்பையில் கை விடுகிறவரை வாழ்நாளில் ஒரே ஒரு ஊசி மட்டும் குத்துவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் சுமார் 2.98 கோடிப் பேர் ஹெபடைடிஸ் பி தொற்றோடும், 55 லட்சம் பேர் ஹெபடைடிஸ் சி தொற்றோடும் வாழ்ந்தார்கள்; பெரும்பாலோருக்குத் தம்மிடம் அது இருப்பதே தெரியாது. நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியைத் தாண்டிவிட்டதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் சொன்னது. ஆஸ்பத்திரிக் கழிவு என்று நாம் தனியாக நினைத்துக்கொண்டிருந்த பொருள் வீட்டுக் குப்பைக்குள் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன.

தொற்றியதும் தெரியாது என்பதே இந்த நோயின் கொடுமை. சிலருக்கு மஞ்சள் காமாலை வரும். பலருக்கு எந்த அடையாளமும் இருக்காது. பெரியவர்களில் பெரும்பாலோரின் உடம்பு இந்த வைரஸைத் தானே வென்றுவிடும்; நூற்றில் ஐந்துக்கும் குறைவானவர்களுக்கு அது நாள்பட்ட நோயாகத் தங்கிவிடுகிறது. அவர்களில் சிலருக்கு இருபது முப்பது ஆண்டுகள் கழித்துக் கல்லீரல் சுருங்கும், அல்லது புற்றுநோய் வரும். அதற்குள் ஒப்பந்ததாரர் பலமுறை மாறியிருப்பார். ஊசி குத்திய நாள் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவதுதான் வழக்கம், நின்றால் அன்றைய கூலி போகும். கடைசியில் வயிறு வீங்கி ஆஸ்பத்திரிக்கு வருகிறவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, ‘குடிப்பீங்களா?’ என்பது. நாற்றத்தைத் தாங்கக் குடிக்கிறவர்கள் இந்த வேலையில் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. வைரஸ் தங்கிய கல்லீரலை மது இன்னும் வேகமாகக் கெடுக்கும் என்பதும் உண்மை. ஆனால் ‘குடிச்சுக் கெட்டான்’ என்ற ஒரு பேச்சில், வெளியிலிருந்து வந்த காரணம் முழுவதும் அந்த மனிதரின் ஒழுக்கத்துக்குள் போய்ப் புதைந்துவிடுகிறது. எறிந்தவர் கணக்கில் ஒன்றும் மிச்சமில்லை; எல்லாம் தொட்டவர் தலையில். தீட்டு என்ற ஏற்பாடு காலங்காலமாகச் செய்துவந்ததும் இதையேதான், வேறு சொற்களில்.

இந்தத் தொழிலால்தான் இவர்களுக்கு நோய் அதிகம் என்பதற்குச் சான்று எவ்வளவு உறுதி என்று ஒருவர் கேட்கலாம், கேட்க வேண்டும். கிரீஸ் நாட்டின் கெராட்சினி நகரில் மாநகராட்சிக் குப்பைப் பணியாளர்களிடம் நடத்திய ஆய்வு, குப்பையோடு புழங்காத பணியாளர்களைவிட அவர்களிடம் ஹெபடைடிஸ் பி தொற்றிய தடயம் கூடுதலாக இருந்ததை 2005-இல் காட்டியது. வேறு நோய்களில், வேறு ஊர்களில், வேறுபாடு தெளிவாகத் தெரியாத ஆய்வுகளும் உண்டு. மலத்தின் வழியாகப் பரவும் ஹெபடைடிஸ் ஏ பற்றிச் சாக்கடைப் பணியாளர்களிடம் செய்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. இந்த முரணுக்கு ஒரு காரணம் உண்டு. நம்மைப் போன்ற நாடுகளில் ஏழைக் குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் ஏ சிறு வயதிலேயே வந்துபோய்விடுகிறது; வளர்ந்தபின் எல்லோர் இரத்தத்திலும் எதிர்ப்புச் சக்தி ஒன்றுபோல இருப்பதால், தொழில் சேர்த்த பங்கு கணக்கில் தெரிவதில்லை. அதை வைத்து ஆபத்து இல்லை என்று முடிவுகட்டுவது, அவர் ஏற்கெனவே சேரியில் நனைந்துவிட்டார், இனி மழை அவரை ஒன்றும் செய்யாது என்று சொல்வதற்குச் சமம். மேலும் என் வாதம் சதவீதத்தின் மேல் நிற்கவில்லை. நான் எறிந்த ஊசி ஒருவரைக் குத்தும் வழியில் கிடக்கிறது என்று தெரிந்த பிறகு, எத்தனை பேரைக் குத்தினால் அது குற்றம் என்று கேட்பதற்கு எனக்கு உரிமை இல்லை.

தீட்டு என்பதே அந்தக் காலத்துச் சுகாதாரம்தானே, நம் முன்னோர் கிருமியை அறியாமலே அதற்கு வழி கண்டார்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. எச்சில் படாமல் உண்பது, வாசலில் கால் கழுவுவது, சாவு வீட்டுக்குப் போய்வந்தால் தலைமுழுகுவது ஆகியவை பல நோய்களைத் தடுத்திருக்கும். ஆனால் ஒரு விதி சுகாதாரமா, வேறொன்றா என்று அறியச் சோதனை எளிது: அது கிருமி போகும் வழியில் போகிறதா என்று பார்த்தால் போதும். கழிவைக் கையாண்டவர் குளித்து முழுகிப் புத்தாடை உடுத்திய பிறகும் தீட்டு அவரை விடவில்லை. கழிவையே தொடாத அவருடைய மகனையும் அது விடவில்லை. ஹெபடைடிஸ் பி தொடுவதால் பரவாது. சேர்ந்து உண்பதால், ஒரே குவளையில் தேநீர் குடிப்பதால் பரவாது. தனிக் குவளை வைத்தவர்கள் அஞ்சியது பரவாத ஒன்றுக்கு. உண்மையில் பரவக்கூடியதோ அவர்கள் வீட்டுப் பையிலிருந்து அந்தக் குவளைக்காரரின் விரலுக்குப் போய்க்கொண்டிருந்தது. தீட்டு கீழிருந்து மேலே ஏறும் என்று நம்பப்பட்டது. நோய் மேலிருந்து கீழே இறங்கியது. 1955 நவம்பரில் தில்லியில் யமுனையின் குடிநீர் எடுக்கும் இடத்தில் சாக்கடை கலந்து, அடுத்த சில வாரங்களில் ஏறத்தாழ 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. ஹெபடைடிஸ் இ என்று பின்னாளில் அறியப்பட்டது அது. கர்ப்பிணிகளைக் கொல்லும் நோய். நகரம் தன் கழிவை எங்கே விட்டது என்று பார்க்கத் தவறியதன் விளைவு அது.

பெரியபுராணத்தின் திருநாளைப்போவார் கதையை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆதனூர் நந்தனார் கோயில் பேரிகைகளுக்குத் தோலும், யாழுக்கு நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்தவர். அவர் கையால் பதமான தோல் கோயிலுக்குள் முழங்குகிறது. அவர் வெளியே நிற்கிறார். தில்லைக்கு வந்த பிறகும் உள்ளே போக அவர் தீயில் மூழ்கி எழ வேண்டியிருந்தது. பக்தியின் உச்சமாக இதைப் படித்து உருகுகிறோம், உருகத் தக்கதும்தான். ஆனால் சுத்திகரிப்பின் சுமை யார்மேல் வைக்கப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். செத்த மாட்டை அவர் ஊருக்குத் தள்ளிவிட்டுத் தோலை மட்டும் வாங்கிக்கொண்டவர்களுக்கு அந்தக் கதையில் எந்தத் தீயும் இல்லை.

சுமையை மறுபக்கம் வைத்த மரபும் இந்த மண்ணில் இருந்தது. பௌத்த விநயத்தில் பிக்குணிகளுக்கான விதிகளில் ஒன்று, மலத்தையோ சிறுநீரையோ குப்பையையோ மிச்ச உணவையோ சுவருக்கு அப்பால் எறிவதைக் குற்றம் என்கிறது. அடுத்த விதி, பயிரின் மேல் எறிவதை. விதி பிறந்த கதையில், சுவருக்கு அப்பால் போய்க்கொண்டிருந்த ஒருவர்மேல் அது விழுகிறது. அவர் தீட்டுப்பட்டாரா, எப்படிக் குளிக்க வேண்டும் என்பதில் விநயத்துக்கு அக்கறை இல்லை; எறிந்தவர் தம் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே அதன் அக்கறை. பார்த்துவிட்டுக் கொட்டினால் குற்றமில்லை என்ற விலக்கும் அங்கே இருக்கிறது. அந்தப் ‘பார்த்துவிட்டு’ என்பதில்தான் அறம் முழுவதும் அடங்கியிருக்கிறது: சுவருக்கு அப்பால் ஒருவர் இருக்கக்கூடும் என்ற நினைவு. சமணம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. நடப்பதில், பேசுவதில், உணவு ஏற்பதில், பொருளை எடுத்து வைப்பதில் விழிப்பு என்று துறவிக்குச் சொல்லப்பட்ட ஐந்து சமிதிகளில் கடைசியானது, உடலின் கழிவை எந்த உயிருக்கும் தீங்கு நேராத இடத்தில் பார்த்துக் கழிப்பது. உண்பதற்கும் பேசுவதற்கும் இணையாக, எறிவதும் ஆன்மாவைப் பிணைக்கும் செயல் என்று கண்ட நெறி அது. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் கற்படுக்கை வெட்டி வாழ்ந்த துறவிகள் இந்த விதியோடுதான் வாழ்ந்தார்கள். உள்ளே போவது அல்ல, மனிதனிடமிருந்து வெளியே வருவதே அவனைத் தீட்டாக்குகிறது என்று மாற்கு நற்செய்தியில் இயேசு சொல்வது மனத்தின் தீமைகளைப் பற்றி. என்றாலும் தீட்டின் திசை அங்கேயும் திரும்பித்தான் இருக்கிறது.

கர்மத்தைச் சொல்லி இந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கலாமா? அவரவர் வினை அவரவர்க்கு, அந்த வேலையும் அந்த நோயும் முற்பிறவியின் பலன் என்று வெளிப்படையாகச் சொல்கிறவர்கள் இன்று குறைவு. உள்ளுக்குள் நினைக்கிறவர்கள் குறைவில்லை. சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரப்தம், ஆகாமியம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. குத்தப்பட்டவர் அனுபவிப்பது அவருடைய பிராரப்தம் என்று ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்வோம். எறிந்தவர் இன்று புதிதாகச் செய்தது என்ன? அது அவருடைய ஆகாமியம், இனிமேல் அவர் அனுபவிக்க வேண்டியது. அடுத்தவருடைய பழைய வினை என் புதிய வினைக்கு விலக்கு ஆகும் என்று எந்தச் சித்தாந்த நூலும் சொல்லவில்லை. சொன்னால் கொலைகாரனுக்கும் அதே விலக்கைக் கொடுத்தாக வேண்டும். தன் பிள்ளைக்கு மஞ்சள் காமாலை கண்டால் பிராரப்தம் என்று யாரும் சும்மா இருப்பதில்லை. கீழாநெல்லியும் தேடுகிறோம், மருத்துவரிடமும் ஓடுகிறோம். கர்மக் கொள்கையை நேர்மையாக நம்புகிறவர்தான் குப்பைப் பையை முடிச்சிடும்போது மற்றவர்களைவிட அதிகம் நடுங்க வேண்டும்.

இதைவிடக் கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு. துப்புரவு இழிவானதன்று, அது தொண்டு. அதைப் புனிதமாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது. திருவதிகையில் திலகவதியார் கோயிலைப் பெருக்கி மெழுகினார். அவர் தம்பி அப்பர் வாழ்நாளின் இறுதிவரை உழவாரத்தைக் கையில் ஏந்தினார். இன்றும் அவர் பெயரால் உழவாரப்பணி மன்றங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. காந்தி 1901-இல் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் தாமே கழிப்பிடத்தைச் சுத்தம் செய்தவர். 1936-இல் ‘ஹரிஜன்’ இதழில், குழந்தையைச் சுத்தம் செய்யும் தாயின் பணியோடு இந்தப் பணியை ஒப்பிட்டு எழுதினார். காந்தியின் உள்ளத்தை நான் ஐயப்படவில்லை; தம் கையால் செய்யாத எதையும் அவர் பிறருக்குப் போதிக்கவில்லை. ஆனால் 1945-இல் அம்பேத்கர் அந்தப் புகழ்ச்சியைக் கடுமையாக மறுத்தபோது உண்மை அவர் பக்கம் இருந்தது. பிறப்பால் ஒருவர்மேல் சுமத்தப்பட்ட வேலையைப் புகழ்வது, அதை விட்டு வெளியேறும் வழியை அடைக்கிறது. தாய் சுத்தம் செய்வது தன் குழந்தையை. குழந்தை தாயைத் தெருவில் ஒதுக்கி வைப்பதில்லை. அப்பருக்கு உழவாரத்தைக் கீழே வைக்கும் உரிமை இருந்தது, வைக்காததால்தான் அது தொண்டு. 2024-இல் ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டம் கணக்கெடுத்த சாக்கடை, கழிவுநீர்த் தொட்டிப் பணியாளர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். இத்தனை தலைமுறைக்குப் பிறகும் தொண்டு ஒரே தெருவிலிருந்து மட்டும் வருகிறதென்றால், அதற்குத் தொண்டு என்ற பெயர் பொருந்தாது. போற்றிப் பேசுவதில் இன்னொரு கேடும் உண்டு: புனிதப் பணிக்குக் கூலியும் காப்பும் கேட்பது அற்பமாகத் தோன்றத் தொடங்கும்.

காப்பு எவ்வளவு எளிதானது என்று அறிந்தால்தான் மறுக்கப்பட்டது எவ்வளவு என்று புரியும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 1981-லிருந்து உலகில் இருக்கிறது. 1997-இல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் அதை இந்தியாவிலேயே தயாரித்து விலையைச் சாமானியர் எட்டும்படி இறக்கியது. 0, 1, 6 ஆகிய மாதங்களில் மூன்று தவணை. இளம் வயதில் போட்டால் நூற்றுக்கு 95 பேருக்குப் பாதுகாப்பு. குழந்தைகளுக்கான தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் அது நாடு முழுவதும் சேர்ந்தது 2011 வாக்கில்தான். ஆகவே இன்று துடைப்பம் பிடிக்கும் வயதிலிருக்கும் பெரும்பாலோர் அந்தத் திட்டத்துக்கு முன்னால் பிறந்தவர்கள். 2016-இல் பதினொரு நாள் இடைவெளியில் இரண்டு விதித்தொகுப்புகள் வந்தன. மார்ச் 28-இல் வந்த மருத்துவக் கழிவு விதிகள், அந்தக் கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட வேண்டும் என்று பெயர் சொல்லிக் கட்டளையிடுகின்றன. ஏப்ரல் 8-இல் வந்த திடக்கழிவு விதிகள் சீருடை, கையுறை, காலணி, முகக்கவசம் என்று பேசின. வீட்டு அபாயக் கழிவின் பட்டியலில் பயன்படுத்திய ஊசியையும் அவை சேர்த்திருந்தன. ஊசி வீட்டுக் குப்பையில் வரும் என்று சட்டத்துக்குத் தெரியும் என்பதே இதன் பொருள். அதே ஊசி ஆஸ்பத்திரிச் சுவருக்குள் குத்தினால் ஒரு நியாயம், தெருவில் குத்தினால் வேறு நியாயம். செலவு இதற்குக் காரணமாக முடியாது. இந்த உடம்புகளுக்கு எது நேர்ந்தாலும் அது இயல்பு என்று ஆழத்தில் படிந்துவிட்ட நம்பிக்கைதான் காரணம் என்று நான் கருதுகிறேன். அதனால்தான் இதை மருத்துவர்களிடம் மட்டும் விட்டுவிட முடியவில்லை, சமயத்தை இழுக்க வேண்டியிருக்கிறது.

கையுறை கொடுத்தாலும் அவர்கள் போடுவதில்லை என்ற குறை எப்போதும் வரும். சித்திரை வெயிலில் ரப்பர் கையுறைக்குள் வியர்வை தேங்கும், அளவு பொருந்தாது, பிடி வழுக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, ஊசி அதைத் துளைத்துக்கொண்டு போய்விடும். தடுப்பூசியைக் கழற்றி வைக்க முடியாது என்பதே அதன் பெருமை. வரி கட்டுகிறோமே, இனி மாநகராட்சி பார்த்துக்கொள்ளட்டும் என்பது இன்னொன்று. வரி, குப்பையை எடுத்துச் செல்வதற்கான கட்டணம். எடுப்பவரைக் குத்துவதற்கான அனுமதி அதில் அடங்கவில்லை. கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் ஊசியைப் போட்டு, மூடியைத் திருகி, மேலே எழுதி, தனியாகக் கையில் கொடுப்பதற்கு ஒரு நிமிடம் ஆகாது. மடி உடுத்தும் வீட்டில் அது பூஜைக்கு முந்தைய நியமமாகவே இருக்கட்டும்.

வேலையைக் கொடுப்பவர் யார் என்பதே மாறிக்கொண்டிருக்கும் காலத்தில் மூன்று தவணை என்பது கடினமான ஏற்பாடு. சென்னையின் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் 2025 ஆகஸ்டில் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன் நாள்கணக்கில் அமர்ந்தது தங்கள் வேலை தனியாரிடம் போவதை எதிர்த்துத்தான். அதன் பிறகு மாநில அரசு அறிவித்த திட்டங்களில் தொழில்சார் நோய்களுக்குச் சிகிச்சை அளிப்பதும் இருந்தது. நல்லது, ஆனால் தடுப்பூசி சிகிச்சைக்கு முந்தைய கடன். ஜனவரியில் முதல் தவணை போட்டவருக்கு ஜூலையில் யார் முதலாளி என்று தெரியாதபோது, ஊர் அந்தக் கணக்கை வைத்துக்கொள்ள வேண்டும். ஊசி குத்திய ஒருவருக்கு 24 மணி நேரத்துக்குள் எதிர்ப்புப் புரத ஊசியும் தடுப்பூசியும் கிடைத்தால் தொற்றைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம் என்பதும், அதற்கு எங்கே போவது என்பதும் அதிகாலையில் தெருவில் இருக்கும் மேஸ்திரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோயில்கள் இதில் முன்னால் நிற்கலாம். தேரோட்டமும் தீபமும் முடிந்த இரவுகளில் லட்சம் பேர் விட்டுப்போனதை அள்ளுகிறவர்கள் இவர்கள்தான். குடமுழுக்குக்கு நாள் குறிக்கும் முன், அந்த ஊரில் துடைப்பம் பிடிக்கும் ஒவ்வொருவருக்கும் மூன்றாம் தவணை போட்டாகிவிட்டதா என்று திருப்பணிக் குழு கேட்கட்டும். முதல் தவணைக்கும் மூன்றாவதற்கும் இடையே ஆறு மாதம். திருப்பணிகள் அதைவிட நீண்ட காலம் நடக்கின்றன.